வராமல் போன சூப்பர் ஹீரோக்கள்

மரிஸா மேயர் எழுதிய 'ரெனிகேட்ஸ்' என்ற ஆங்கில நாவலின் தொடக்கப் பகுதி மட்டும் தனிச் சிறுகதையாக வந்திருந்தால், எனக்குப் பிடித்த பத்துச் சிறுகதைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். பிரச்சினை என்னவென்றால், அதற்குப் பிறகு இன்னும் ஐந்நூறு பக்கம் கிடக்கு. அது முடிய இன்னும் இரண்டு புத்தகம் கிடக்கு.

மூன்று புத்தகங்களையும் ரொறொன்ரோவில் இருக்கிற சித்தியின்ர மகள் வாசித்து முடித்துவிட்டு, உடுப்பு, சொக்லேற், சம்பூ போத்தல்களோடு பெட்டிக்குள் வைத்து அளவெட்டிக்கு அனுப்பியிருந்தாள். வீட்டில் முதலில் கையில் எடுத்தது என் தம்பி. ஓ.எல். சோதினை எழுதிவிட்டு றிசல்ட்ஸ் வரும்வரை சும்மா இருந்தவன். போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு முதலாவது புத்தகத்தை ஒரு மாதிரி முடித்தான். இரண்டாவதைப் பாதியில் மூடினான். ஏன் எண்டு கேட்டதற்கு, "ஐடியா எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அவ அதை வைச்சு ஒண்டும் செய்யேல்லை" எண்டான்.

விமர்சனம் அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அது காணாது. நான் மூன்றையும் முடித்தேன், கோபத்தோடு முடித்தேன். சும்மா ஒரு மோசமான புத்தகத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வராது. இந்தப் புத்தகம் என்னைக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் சண்டைக் காட்சிக்குள் ஓடி ஒளிந்துவிட்டது. அதுதான் கோபம்.

முதலில் எழுத்தாளரைப் பற்றி ஒரு வரி. மரிஸா மேயர் அமெரிக்கர். 2012இல் வந்த 'சிண்டர்' என்ற நாவலால் பதின்ம வயது வாசகர்களிடம் பிரபலமானவர். சிண்டரெல்லாவை எதிர்காலத்தில் வாழும் ஒரு பாதி இயந்திரப் பெண்ணாக மாற்றி எழுதிய கதை அது. 'ரெனிகேட்ஸ்' 2017 நவம்பரில் வந்தது. 2018இல் 'ஆர்ச்எனிமீஸ்', 2019இல் 'சூப்பர்நோவா'. மூன்றும் சேர்ந்து ஒரே கதை.

கதை நடக்கிற இடம் கற்லன் என்ற கற்பனை நகரம். அங்கே சிலருக்குப் பிறப்பிலோ, ஒரு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகோ அபூர்வ சக்தி கிடைக்கிறது. ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களைச் சாதாரண சனம் வேட்டையாடியது. பிறகு ஏஸ் அனார்க்கி என்றொருவன் கிளம்பி அரசாங்கத்தையே உடைத்துவிடுகிறான். சட்டம் இல்லாத இருபது வருடங்கள். கும்பல்கள் நகரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதற்கெதிராகச் சக்தியுள்ள வேறு சிலர் ஒன்று சேர்ந்து, முகமூடி போட்டு, சனத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறார்கள். அவர்கள்தான் ரெனிகேட்ஸ். கடைசியில் வெல்கிறார்கள். வென்றபின் நகரத்தை ஆள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நாயகி வருகிறாள். நோவாவுக்கு ஆறு வயது. ரெனிகேட்ஸ் வருவார்கள், எப்படியும் வருவார்கள் என்று முழுசாக நம்புகிற பிள்ளை. ஒருநாள் இரவு ஒரு கொலைகாரன் வீட்டுக்குள் வருகிறான். அப்பா, அம்மா, கைக்குழந்தையான தங்கை ஈவி, மூன்று பேரையும் சுடுகிறான். அந்த நேரம் முழுக்க அந்தப் பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றைத்தான்: அவர்கள் வருவார்கள். அவர்கள் வரேல்லை.

பத்து வருடம் கழித்து, நகரமே கூடி ரெனிகேட்ஸின் வெற்றியைக் கொண்டாடுகிற ஊர்வலத்தில், கூரையொன்றின் மேல் துப்பாக்கியோடு படுத்துக்கிடக்கிறாள் நோவா. குறி, எல்லாரும் கும்பிடுகிற கப்டன் குரோமியம்.

இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். நான் 2009இல் ஆறு வயதுப் பிள்ளை. எனக்கு அந்த வருடம் பெரிதாக ஞாபகம் இல்லை, ஆனால் அந்த வருடத்தைப் பற்றிப் பெரியாக்கள் கதைத்தது ஞாபகம் இருக்கு. அந்த நாடு வரும், இந்தக் கப்பல் வரும், தேர்தல் முடிய ஏதும் மாறும், ஐ.நா. சும்மா விடாது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து இப்படி ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஹீரோ வருவார் என்ற நம்பிக்கை படத்தில் பார்த்துப் பழகியதல்ல. வீட்டில் கேட்டு வளர்ந்தது. அதனால் ஒரு அமெரிக்க எழுத்தாளர் யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒன்றுமே யோசிக்காமல் எழுதிய அந்தப் பக்கங்களை, எனக்குத் தெரிந்த ஆட்கள் கதைக்கிற மாதிரித்தான் நான் வாசித்தேன்.

அது மட்டுமில்லை. காப்பாற்ற வருகிறோம் என்று வந்தவர்களும் எங்கட கதையில் இருக்கினம். 1987இல் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது மாலை போட்டு வரவேற்ற சனம், அதே வருடம் ஒக்டோபரில் அதே படையின் ஷெல்லுக்குப் பயந்து கோயில்களுக்குள் போய் இருந்தது. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அம்மம்மாவின் வாயால் கேட்டதுதான் கூட. வராமல் போன ஹீரோ ஒரு வகை. வந்தபிறகு என்ன செய்யப்போகிறார் என்று தெரியாத ஹீரோ இன்னொரு வகை. மேயரின் நாவலில் இரண்டு வகையும் இருக்கு. இவ்வளவு நல்ல மூலப்பொருள் கையில் இருந்தும் சமையல் ஏன் பிழைத்தது?

சூப்பர் ஹீரோ கதையென்றால் சின்னப்பிள்ளை விஷயம் என்று நினைக்கிற ஆட்களுக்கு இடையில் ஒன்று சொல்லவேணும். தமிழில் எங்கட அப்பாமாரின் தலைமுறைக்கு ஒரு சூப்பர் ஹீரோ இருந்தார்: இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து கொமிக்ஸ் தொடங்கியபோது முதல் வெளியீடே அவர்தான். அப்பா இண்டைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலருவார். உண்மையில் அது 1962இல் 'வேலியன்ற்' என்ற பிரித்தானியச் சிறுவர் இதழில் வந்த 'த ஸ்ரீல் குளோ' என்ற சித்திரக்கதை. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற லூயிஸ் கிரான்டெல் ஒரு விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக் கை. மின்சாரம் தாக்கினால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும்.

பலருக்கு ஞாபகம் இல்லாத விஷயம், கிரான்டெல் தொடக்கத்தில் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்த உடனே களவு, நாசவேலை என்றுதான் இறங்குகிறான். பிறகுதான் திருந்தி உளவுப்படையில் சேருகிறான். அதாவது சக்தி கிடைத்தால் மனிசன் முதலில் என்ன செய்வான் என்ற கேள்வி, அறுபது வருடத்துக்கு முந்திய, வாரம் இரண்டு மூன்று பக்கம் மட்டும் வந்த ஒரு கொமிக்ஸில் இருந்திருக்கு. இந்தப் பக்கம் பார்த்தால், இந்தியாவில் சமித் பாசு 2010இல் எழுதிய 'டர்பியுலன்ஸ்' என்ற ஆங்கில நாவலில் லண்டனிலிருந்து டில்லிக்குப் போகிற ஒரு விமானத்தின் பயணிகளுக்குச் சக்தி வருகிறது. ஒவ்வொருவரும் மனதுக்குள் எதை ஆசைப்பட்டார்களோ அதுவே அவரவர் சக்தி. இப்படிப்பட்ட கதைகளுக்கு யோசனைப் பஞ்சம் இல்லை. அந்த யோசனையோடு கடைசிவரை நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சரி, மேயருக்கு வருவம். அவரின் நல்ல யோசனைகளில் எனக்கு முக்கியமாகப் பட்ட மூன்றைச் சொல்கிறேன். மூன்றையும் அவர் எப்படிக் கைவிட்டார் என்பதையும் சேர்த்து.

முதலாவது, நோவாவின் சக்தி. அவள் தொட்டால் மற்றவர்கள் நித்திரையாகிவிடுவார்கள். ஆனால் அந்தக் கொலை நடந்த இரவுக்குப் பிறகு அவள் நித்திரை கொள்வதே இல்லை. ஒரு நாளும் இல்லை. இதைக் கேட்ட உடனே எனக்கு அம்மம்மாதான் ஞாபகம் வந்தா. எங்கட அம்மம்மா இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு மூச்சாகப் படுத்து நான் பார்த்ததில்லை. தேங்காய் விழுந்தால் எழும்புவா, நாய் குரைத்தால் எழும்புவா, ஒரு சத்தமும் இல்லாவிட்டாலும் எழும்பி வாசல் கதவைப் பார்த்துவிட்டு வருவா. அடையாள அட்டையும் காணி உறுதியும் போட்ட பை இண்டைக்கும் தலைமாட்டில் இருக்கு. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு ஆளாவது இல்லாத வீடு குறைவு. பயம் ஒரு உடம்புக்குள் இறங்கி, முப்பது வருடமாக முழித்திருக்கிறது. அதை ஒரு சூப்பர் ஹீரோவின் சக்தியாக மாற்றியது உண்மையில் பெரிய கற்பனை.

ஆனால் நாவலில் அதற்கு என்ன நடக்கிறது தெரியுமோ? நோவாவுக்கு இரவில் மேலதிகமாக எட்டு மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஆயுதம் செய்கிறாள், பயிற்சி எடுக்கிறாள், உளவு பார்க்கிறாள். களைப்பு இல்லை, கண் எரிவு இல்லை, சினம் இல்லை. எல்லாரும் படுத்தபிறகு தனியே முழித்திருக்கிற ஆளின் அந்தத் தனிமை சில இடங்களில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. காயத்தை எடுத்துச் சக்தியாக்கினார், சரி. ஆனால் சக்தியான பிறகு அது நோகவே இல்லை. அம்மம்மாவுக்குக் கிடைத்த மேலதிக நேரத்தில் அவ ஒன்றும் செய்து முடிக்கேல்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அதைத்தான் யாராவது எழுதவேணும்.

இரண்டாவது, ஏட்ரியன். கப்டன் குரோமியத்தின் வளர்ப்பு மகன், கதாநாயகன். அவன் எதை வரைந்தாலும் அது உண்மையாகிவிடும். பேனை ஒன்று இருந்தால் போதும். விலங்கு வரைந்தால் விலங்கு, கத்தி வரைந்தால் கத்தி. பிறகு தன் தோலிலேயே பச்சை குத்தி, தனக்குப் புதுப்புதுச் சக்திகளைக் கொடுத்து, சென்ரினல் என்ற இன்னொரு முகமூடி மனிதனாகவும் மாறுகிறான். எனக்கு இந்தச் சக்தி சரியான விருப்பம். ஆனால் வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நகரத்தில் பாதி இடம் இடிந்துபோய்க் கிடக்கு. சனத்துக்கு வீடில்லை, வேலையில்லை. வரைந்ததெல்லாம் உண்மையாகும் என்றால், நீ ஏனப்பா பாணும் தண்ணீர்க் குழாயும் வரையேல்லை?

ஒருவேளை முடியாது என்றால், ஏன் முடியாது என்று சொல்லுங்கோ. கற்பனைக் கதைக்கு விதி வேணும். சக்திக்கு எல்லை எங்கே, அதற்கு விலை என்ன என்பதை எழுத்தாளர் தீர்மானிக்கவேணும். அந்த எல்லையில்தான் கதை பிறக்கும். மாயாவிக்கு மின்சாரம் பட்டால்தான் மறைவு, அப்போதும் கை தெரியும். அந்தக் கை தெரிகிறதுதான் முழுக் கதையின் விறுவிறுப்பும். ஏட்ரியனின் பேனைக்கு அப்படி ஒரு 'தெரிகிற கை' இல்லை. காட்சிக்கு என்ன தேவையோ அதை வரைவான். தேவையில்லாதபோது அந்தச் சக்தி இருப்பதே எழுத்தாளருக்கு மறந்துபோகும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. வென்றவர்கள் ஆளத் தொடங்கினால் என்ன நடக்கும்? ஐந்து பேர் கொண்ட ஒரு சபை நகரத்தை நடத்துகிறது. அவர்களை யாரும் வாக்குப்போட்டுத் தெரிவு செய்யவில்லை. நல்லாச் சண்டை பிடித்தார்கள், அதனால் ஆள்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்களும் அவர்கள்தான், கைது செய்கிறவர்களும் அவர்கள்தான், தண்டிக்கிறவர்களும் அவர்கள்தான். நோவா ஒற்றனாக அவர்களுக்குள் புகுந்து, 'இன்சோம்னியா' என்ற பெயரில் ஒரு குழுவில் சேர்ந்தபிறகு, இதையெல்லாம் உள்ளுக்குள் இருந்து பார்க்கிறாள். இரண்டாவது புத்தகத்தில் சக்தியுள்ளவர்களின் சக்தியை நிரந்தரமாக அழித்துவிடுகிற ஒரு மருந்து வருகிறது. அதை யார்மேல் பாவிப்பது, யார் தீர்மானிப்பது?

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் ஒரு பாடமாக எடுக்கிறேன். இந்தக் கேள்விகளையெல்லாம் நாங்கள் பெரிய பெரிய பெயர்களோடு சோதினைக்கு எழுதுகிறோம். அதையே ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு முகமூடியும் கேப்பும் போட்டுக் கொடுக்கலாம் என்பது எனக்குப் புதுசு. அதைவிட, துவக்கு வைத்திருக்கிறவன் சொல்வதுதான் சட்டம் என்ற காலத்தை எங்கட பெற்றார் ஒரு தரப்பிடம் மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் உங்களைக் காப்பாற்றத்தான் என்று சொன்னது. ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு பட்டியல் இருந்தது. இப்படியான ஊரில் இருந்து வாசிக்கும்போது, இந்தச் சபை தானாகவே ஒரு பெரிய கதை.

ஆனால் மேயருக்கு அந்தச் சபைக்குள் இருந்து யோசிக்கப் பொறுமை இல்லை. நோவா ஏட்ரியனை விரும்பத் தொடங்குகிறாள். நோவா யார் என்று அவனுக்குத் தெரியாது, சென்ரினல் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் அவளைத் தேடுகிறான், அவள் அவனைத் தேடுகிறாள், இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். முதல் புத்தகத்தில் இது சுவாரசியம்தான். மூன்றாவது புத்தகம் வரைக்கும் இழுத்தால் அது நாடகம் இல்லை, மெகா சீரியல். ஒவ்வொரு முறையும் உண்மை தெரியப்போகிற நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், இல்லாவிட்டால் ஏதாவது வெடிக்கும். அரசு, நீதி, அதிகாரம் என்று தொடங்கிய கேள்வி, 'எப்ப கண்டுபிடிப்பான்' என்பதாகச் சுருங்கிவிடுகிறது.

வெடிக்கிறது என்று சொன்னதால் இதையும் சொல்லவேணும். முதல் புத்தகத்தில் ஒரு நூலகம் எரிகிறது. அந்த நூலகத்தை நடத்துகிறவர் இரகசியமாக ஆயுதம் விற்கிறவர். ரெனிகேட்ஸ் சோதனைக்குப் போகிறார்கள், சண்டை வருகிறது, குண்டு வெடிக்கிறது, கட்டடம் நெருப்பு. விறுவிறுப்பாகத்தான் எழுதியிருக்கிறார். யார் தப்புவார்கள், யார் மாட்டுவார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை எரிகிற நூலகத்தை அப்படி வாசிக்க ஏலாது. 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் எங்கட பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் திரும்பக் கிடைக்காத ஏட்டுச்சுவடிகளும் போயின. நான் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கு மேல் முந்தின விஷயம். ஆனாலும் இப்ப வெள்ளையடித்து நிற்கிற அந்தக் கட்டடத்துக்குள் கம்பஸ் வேலைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது தெரியும். மேயரிடம் நான் யாழ்ப்பாணத்தை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு நூலகத்தை எரிக்கிற எழுத்தாளர், எரிந்த புத்தகங்கள் என்னென்ன, அடுத்தநாள் காலையில் அந்த வாசலுக்கு வந்த வாசகர் யார் என்று ஒரு பக்கமாவது யோசிக்கலாம்தானே. கதை அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. நெருப்பு அங்கே வெறும் லைற்றிங்.

இந்த மூன்று யோசனைக்கும் ஏற்பட்ட கதியை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், குறை எங்கே என்று விளங்கும். நாவலில் சாதாரண சனம் இல்லை. ஊர்வலத்தில் கை தட்டுவதற்கு இருக்கினம், குண்டு வெடித்தால் ஓடுவதற்கு இருக்கினம், காப்பாற்றப்படுவதற்கு இருக்கினம். பெயரோடு, விருப்பத்தோடு, வீட்டுக் கவலையோடு சக்தி இல்லாத ஆட்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

விசித்திரம் என்னவென்றால், நோவாவே இதைக் கவனிக்கிறாள். ரெனிகேட்ஸ் இருப்பதால்தான் சனம் தன் கையால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்து வீட்டில் களவு போனாலும் ரெனிகேட்ஸ் வருவார்கள் என்று இருந்துவிடுகிறது, ஹீரோக்கள் இல்லாவிட்டால்தான் மனிசர் திரும்ப மனிசராவார்கள் என்பது அவளின் வாதம். முழுத் தொடரிலும் இதைவிட ஆழமான வாதம் இல்லை. சரியோ பிழையோ, அதைச் சோதித்துப் பார்க்கத்தான் மூன்று புத்தகம் இருக்கு. ஒரு தெருவை எடுத்து, அங்கே ரெனிகேட்ஸ் வராத ஒரு வாரத்தைக் காட்டியிருக்கலாம். அந்தத் தெருச் சனம் என்ன செய்கிறது? ஒருவரை ஒருவர் தின்கிறார்களா, தாங்குகிறார்களா? மேயர் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. முடிவை உடைக்க விருப்பமில்லை, ஆனால் கடைசித் தீர்ப்பும் சக்தியுள்ளவர்கள் தங்களுக்குள் மோதுவதில்தான் வருகிறது என்று சொன்னால் குற்றமில்லை.

அந்தத் தெரு எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கதைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. அளவெட்டியும் நடந்தது. நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. இலட்சக்கணக்கான சனம், மழை, ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். அம்மாவுக்கு அப்ப இருபது வயது. அம்மம்மாவின் அம்மா நடக்க ஏலாத மனிசி. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் சைக்கிளில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து ரோட்டோரம் வைத்துவிட்டு, கிழவியைக் கரியரில் இருத்தி, விடியும்வரை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். கைதடியில் இறக்கிவிட்டுப் போனவர். அவரின் பெயர் அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது. அந்த மூட்டைக்குள் என்ன இருந்ததென்றும் தெரியாது. அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கிழவியைப் பற்றிச் சொல்வதைவிட அந்த மூட்டையைப் பற்றித்தான் கூடச் சொல்லுவா.

அந்த இரவும் ஒரு ஹீரோவும் வரேல்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல ஏலாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை எழுதத்தான் நாவல் என்ற ஒன்று இருக்கு என்று நான் நினைக்கிறேன்.

இதில் எங்கட ஊருக்கு ஒரு பெருமை இருக்கு, சொல்லாமல் விடமாட்டேன். அளவெட்டி என்றால் வெளியாட்களுக்குத் தவிலும் நாதஸ்வரமும்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் மஹாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தியும் இந்த ஊர்தான். 1927இல் பிறந்து 1971இல் இறந்தவர். பெயரில் 'மஹா' இருந்தாலும், காவியம் எழுத உட்கார்ந்தபோது அவர் எடுத்த தலைப்பு 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்'. அரசனும் இல்லை, அவதாரமும் இல்லை. காவியம் என்ற பெரிய பாத்திரத்துக்குள் ஒரு சாதாரண ஆளை வைக்கலாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

அவரின் 'தேரும் திங்களும்' கவிதையை நீங்கள் பள்ளிக்கூடத்திலோ வேறெங்கோ வாசித்திருப்பீர்கள். ஊர் கூடி இழுக்கிற தேரின் வடத்தைத் தானும் பிடிக்க வருகிற ஒரு மனிதனைச் சாதியின் பெயரால் ஊர் விடவில்லை. அதே காலத்தில் மனிசன் சந்திரனைத் தொட்டுவிட்டு வந்துவிட்டான். பறக்கிற சக்தி மனிசனுக்குக் கிடைத்துவிட்டது, வடம் பிடிக்கிற உரிமை கிடைக்கவில்லை. அது வெறும் கற்பனையும் இல்லை. 1968இல் எங்கட ஊருக்குப் பக்கத்தில் உள்ள மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சனம் போய் நின்றது. அவர்களிடம் என்ன சக்தி இருந்தது? சேர்ந்து போய் நிற்கிற சக்தி. சூப்பர் ஹீரோ கதை எழுத விரும்புகிற ஆட்கள் முதலில் இந்தக் கவிதையை வாசிக்கவேணும் என்பேன். சக்தி என்றால் என்ன, அது யாருக்கு மறுக்கப்படுகிறது என்று இவ்வளவு சின்ன இடத்தில் சொல்லமுடியும் என்றால், ஆயிரத்தைந்நூறு பக்கத்தில் எவ்வளவு சொல்லலாம்?

மேயருக்கு நியாயமாக நடக்கவும் வேணும். துணைப் பாத்திரங்களில் சிலரை அவர் அன்போடு எழுதியிருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிற, விரல் நுனியால் புகை விடுகிற ஒஸ்கார், வாயைத் திறந்தாலே கலகலப்பு. உடம்பு நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளாகப் பிரிந்து பறக்கிற டானாவைப் பற்றித் தனிப் புத்தகமே வாசிப்பேன். பக்கத்தில் வருகிறவர்களின் சக்தியை எல்லாம் உறிஞ்சிவிடுவான் என்பதால் கண்ணாடிச் சுவருக்குள் தனியே வளர்க்கப்படுகிற மக்ஸ் என்ற சின்னப் பெடியன் வருகிற காட்சிகள் உண்மையில் மனதைத் தொடும். அவனைத் தூக்கி அணைக்க அவனில் பாசம் வைத்தவர்களுக்கே பயம். இதையெல்லாம் யோசித்த ஆள் கெட்ட எழுத்தாளர் இல்லை. வேகமாக எழுதுகிற, வாசகர் சலித்துவிடுவாரோ என்று பயப்படுகிற எழுத்தாளர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எழுதினால் பத்துப் பக்கத்துக்கு ஒரு சண்டை வேணும் என்று யாரோ சொல்லியிருக்கினம். என் தம்பி புத்தகத்தை மூடியது சண்டை காணாமல் இல்லை. சண்டை கூடி, கேள்வி குறைந்ததால்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் கொப்பிக்குள்ளோ போனுக்குள்ளோ இப்படி ஒரு கதையைத் தொடங்கி வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பதின்ம வயதினருக்கான கற்பனை நாவல் எங்கட தமிழில், அதிலும் ஈழத்தில், தேடித்தான் எடுக்கவேணும். அதனால் 'ரெனிகேட்ஸ்' மாதிரி அரைகுறையாக வெந்த புத்தகத்தையும் நாங்கள் கவனமாக வாசிக்கலாம். திறமான புத்தகம் எங்களை வாயடைக்க வைக்கும். இப்படிப்பட்டது 'நான் என்றால் இப்படி எழுதியிருப்பேன்' என்று கதைக்க வைக்கும். உங்கட கதாபாத்திரத்துக்குச் சக்தி கொடுங்கோ, ஆனால் அது எங்கே வேலை செய்யாது என்பதை முதலில் எழுதி வையுங்கோ. சக்தி இல்லாத ஒரு ஆளுக்குப் பெயர் வையுங்கோ. ஏதாவது எரிந்தால், அடுத்தநாள் காலையில் அங்கே திரும்பிப் போங்கோ.

வாசிக்க விரும்பினால் முதலாவது புத்தகத்தை வாசியுங்கோ. தொடக்கப் பகுதியையும், மக்ஸ் வருகிற இடங்களையும் விடவேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும் நேரம் இருந்தால் மட்டும். மூன்று புத்தகத்தையும் இப்ப எங்கட சனசமூக நிலையத்து அலுமாரியில் வைத்திருக்கிறம். முதலாவதின் அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கு, இரவல் கொப்பியில் பெயரை எழுதிவிட்டு எடுக்கலாம். தம்பி இரண்டாவது புத்தகத்தில் நிறுத்தின இடத்தில் ஒரு பஸ் ரிக்கெற் இருக்கும், அதை மட்டும் எடுக்கவேண்டாமாம். எப்பவாவது திரும்ப வருவானாம்.